மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்

கவுன்சிலிங்குக்குப் போன முதல் நாள் கொடுத்த படிவத்தில் இறப்பின் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் காய்ச்சல் என்று எழுதினேன். பொய் இல்லை, காய்ச்சல் இருந்தது. ஆனால் என் மகன் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டித்தான் போனான். மூச்சு என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. அன்றைக்கே எழுதியிருந்தால் அடுத்த மாதங்கள் வேறு மாதிரி போயிருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். யோசனைதான் உன் வியாதி என்பார் என் கணவர்.

அவனுக்கு ஏழு மாதம். மார்கழியில் சளி பிடித்தது.

நான் கணிதம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தடுப்பூசிக்குப் போனபோது கிராமத்துச் செவிலியர் அங்கிருந்த தாய்மார்கள் எல்லோருக்கும் ஒன்று கற்றுக்கொடுத்தார். பிள்ளைக்குச் சளி பிடித்தால் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், ஐம்பதைத் தாண்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கூடுதலாக வரும், அடங்கியதும் மறுபடி எண்ணுங்கள். மற்றப் பெண்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து போனில் நேரம் வைத்துப் பழகிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. சம்பா கதிர் விட்டிருந்த நேரம், வயலெல்லாம் தண்ணீர் நின்றது. மின்சார அலுவலகத்தில் வேலை செய்யும் என் கணவர், அறுந்து விழுந்த கம்பியைச் சரிசெய்யப் போய் முழுக்க நனைந்து வந்திருந்தார். நான் பிள்ளையின் சட்டையைத் தூக்கி எண்ணினேன். ஐம்பத்து நான்கு. இப்போதுதானே அழுது ஓய்ந்தான், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு.

"எவ்வளவு இருக்கு?" என்று கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"நாப்பத்தேழு."

"அப்ப காலையில பாத்துக்கலாம்ல?"

"பாத்துக்கலாங்க."

விடிந்தபோது அவன் விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பாபநாசத்தில் காட்டினோம், உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐம்பத்து நான்கு என்ற எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பால்குடி மறக்காத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் எதுவும் செய்வதில்லை. எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். கருமாதி கிடையாது, படம் மாட்டுவது கிடையாது. நான்கு ஆண்கள் துணியில் சுற்றித் தூக்கிப் போனார்கள், குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். எந்த இடம் என்று தாயிடம் சொல்லக்கூடாதாம். தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாளாம். மூன்றாம் நாள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான்காம் நாள் நான் சமைத்தேன். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

பால் மட்டும் நிற்கவில்லை. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். மார்கழிக் குளிரில் மல்லிகை அவ்வளவாகக் கிடைக்காது. என் கணவரின் அக்கா பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தஞ்சாவூரில் பூக்கடை பூக்கடையாக அலைந்து வாங்கி வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, பழைய புடவையைக் கிழித்து அவரே எனக்குக் கட்டிவிட்டார். தலைக்கு வைக்கும் பூவை அப்படி வைத்துக் கட்டும்போது அவர் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட வேண்டியிருந்தது.

"அழணும்னா இப்பவே அழுதுடு. பெரியவ முன்னாடி அழுவாத, பயந்துக்கும்" என்றார்.

அழுதேன். சொன்னபடி அப்போதே அழுது முடித்தேன். இரண்டு நாளில் பால் வற்றிவிட்டது.

பெரியவள் என்றது என் மகளை. அவளுக்கு அப்போது ஐந்து வயது, பள்ளியில் யூ.கே.ஜி. தம்பியைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் நான் பேசவில்லை. பேசாமல் அவள் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். படுத்துத் தூங்கினால் போதும், பக்கத்தில் போய்ச் சட்டையைத் தூக்குவேன். வயிறு அசைவது தெரியாவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவேன். ஒரு தும்மல் போட்டால் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன். மாசி மாதத்துக்குள் அவள் பாதி நாள் வீட்டில்தான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

அண்ணி மறுபடி வந்தபோது அதைப் பார்த்துவிட்டார்.

"புள்ளயத் தூங்க விடறியா, இல்லையா?"

"தூங்கறா அண்ணி."

"எங்க தூங்கறா? நேத்து மத்தியானம் ரெண்டு தடவ எழுப்பின. நான் பாத்துகிட்டுதான் படுத்திருந்தேன்." பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "நான் கூட்டிட்டுப் போறேன்டா. ஜூன்ல அங்கயே ஒண்ணாம் வகுப்புல சேத்துடறேன். பசங்க ரெண்டு பேரும் வெளியூர்ல படிக்கறானுங்க, வீடு சும்மாதான் கெடக்கு. இவ நல்லா ஆனதுக்கப்பறம் வந்து கூட்டிக்கட்டும்."

"நல்லா ஆனதுக்கப்பறம்னா எப்ப அண்ணி?" என்று கேட்டேன்.

"அத நீதாம்மா சொல்லணும்."

என் கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஸ்கூல் தொறக்கற வரைக்கும் பாப்போம்க்கா. இவ கவுன்சிலிங் போகட்டும். சரியாகலன்னா நீ கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் எனக்கு ஒரு கெடு வந்தது. பள்ளி திறப்பதற்குள் நான் சரியாக வேண்டும். இல்லையென்றால் இருக்கிற ஒரு பிள்ளையும் போய்விடும்.

தஞ்சாவூரில் நான் போன கவுன்சிலர் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கதவைத் திறந்ததுமே, "அக்கா, நீங்க மேத்ஸ் டிபார்ட்மெண்ட்தானே? நான் சைக்காலஜி, உங்களுக்கு ரெண்டு வருஷம் ஜூனியர்" என்றாள். எனக்கு அவளை ஞாபகமில்லை. நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அவள் அப்பா காலத்தில் குடும்பத்தோடு பௌத்தம் தழுவியவர்கள். படிப்பை முடித்துவிட்டு, துக்கத்துக்கும் அதிர்ச்சிக்கும் பௌத்த தியான முறைகளைக் கொண்டு எப்படிச் சிகிச்சை செய்வது என்று தனியாகப் பயிற்சி எடுத்திருந்தாள். அறையில் ஒரு கோரைப்பாய், இரண்டு நாற்காலி, கிண்ணம் போல ஒரு வெண்கல மணி. புத்தர் படம் கூட இல்லை. கேட்டபோது, "வர்றவங்க யாரும் தயங்கக்கூடாதுல்லக்கா" என்றாள்.

இதைப் போனில் கேள்விப்பட்ட அண்ணி விடவில்லை. "அவங்க யாரு என்னன்னு தெரியுமா? சாமி கும்பிடாத எடத்துல போயி ஒக்காந்தா என்ன குணமாகும்?"

"யாரா இருந்தா என்னக்கா, இவளுக்குத் தூக்கம் வந்தா சரி" என்று என் கணவர் போனை வைத்துவிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு நான் நிறைய விட்டுக்கொடுக்கலாம்.

கவுன்சிலர் சொன்னது எளிமையானதுதான். தினமும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். மூச்சை மாற்றக்கூடாது, கவனித்தால் போதும். வெளிவிடும் மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மனம் எங்காவது ஓடினால் திட்டாமல் கூட்டிவர வேண்டும். வருகிற வலியைத் தள்ளவும் வேண்டாம், பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எதுவும் அப்படியே நிலைத்து நிற்பதில்லை, வந்ததும் போகும், அதைப் பார்த்துக்கொண்டு இருங்கள் என்றாள்.

"புரியுதாக்கா?"

"புரியுதுங்க."

பள்ளியில் நான் ஒருநாளும் புரியவில்லை என்று கை தூக்கியவள் இல்லை.

தினமும் சமையல் முடிந்து பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். மகளுடைய பழைய கட்ட நோட்டில் தேதி போட்டு, எத்தனை முறை பத்து வரை போனேன் என்று எழுதி வைத்தேன். எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள், ஆனால் எழுதாமல் எப்படி முன்னேற்றம் தெரியும்? உண்மையில் ஒருநாளும் பத்து வரை போகவில்லை. நான்கு, ஐந்து வரும்போதே எண்ணுவது என் மூச்சாக இருக்காது. சின்ன வயிறு ஒன்று ஏறி இறங்கும். ஐம்பத்து இரண்டு, ஐம்பத்து மூன்று என்று கணக்கு தானாகப் போகும். கை வியர்த்துவிடும், காதுக்குள் மழை கேட்கும். நான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துப் பத்து நிமிடத்தை இருபதாக்கினேன். பிறகு காலை, மாலை இரண்டு வேளையாக்கினேன். பாடம் கஷ்டமாக இருந்தால் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பதுதானே எனக்குத் தெரிந்தது.

"எப்படிப் போகுதுக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"பரவாயில்லங்க. நல்லா இருக்கு."

பங்குனி போயிற்று, சித்திரை வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அறுவடை முடிந்த வயல் வெடித்துக் கிடந்தது. ஒரு மத்தியானம் மகள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவளிடமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மூக்கால் இழுத்து வாயால் விடுகிற சத்தம். எழுந்து ஓடிப்போய்ச் சட்டையைத் தூக்கினேன்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கேக்கலியாம்மா? இன்னும் சத்தமா விடட்டுமா?"

"என்னடி பண்ற?"

"மூச்சு விடறேன். சத்தமா விட்டா நீ எழுப்ப மாட்டல்ல?"

எப்போதிருந்து இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவும்" என்றாள். பிறகு, "தூங்கிட்டா மறந்து போயிடுதும்மா. அப்பத்தான் நீ எழுப்பற" என்றாள். தப்பு செய்தவள் மாதிரி சொன்னாள்.

அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். இவ்வளவு நாள் நான்தான் அவளுக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். அந்தக் குழந்தை எனக்காகத் தூங்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் எனக்கு நேரம் ஒதுக்கிய நாள் இல்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். இருந்தவர்கள் எல்லோரும் போகும்வரை வெளியே காத்திருந்தேன். உள்ளே போனதும் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எழுதாமல் விட்ட சொல்லை, ஐம்பத்து நான்கை, நாற்பத்தேழை, மூச்சைக் கவனிக்கச் சொன்ன ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்பதை, மகள் செய்ததை.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் கேட்டிருக்கணும்க்கா. பிள்ளை எப்படிப் போச்சுன்னு கேக்காம மூச்சுப் பயிற்சி கொடுத்தது என் தப்பு."

எனக்குக் கோபம் வந்தது. என் தப்பைக்கூட இவள் எடுத்துக்கொள்கிறாளே என்று. "உங்க தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் ரெண்டாவது கணக்க நம்பினேன்."

"எண்ணச் சொன்ன மாதிரிதான எண்ணினீங்க? செஞ்ச காரியத்த எடை போடறப்ப, என்ன நெனச்சு செஞ்சோம்கறதத்தான் எங்க வழியில மொதல்ல பாப்பாங்க. நீங்க என்ன நெனச்சு எண்ணினீங்க?"

"கம்மியா வரணும்னு நெனச்சு எண்ணினேன்" என்றேன். "மழை. அவர் நனைஞ்சு வந்திருந்தார். பஸ் வராது. பெரியவள எங்க விடறதுன்னு தெரியல. அதனால கம்மியா வரணும்னு நெனச்சேன்."

"பிள்ளைக்கு ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னும் நெனச்சிருப்பீங்கல்ல?"

"தெரியல. ரெண்டும்தான் இருந்திருக்கும். எது முதல்ல இருந்துச்சுன்னு தெரியல."

உங்கள் மேல் தவறில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அன்றோடு போவதை நிறுத்தியிருப்பேன். "இந்த நம்பர வச்சிகிட்டு இத்தன நாள் தனியா இருந்திருக்கீங்களேக்கா" என்றாள். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

மூச்சை விட்டுவிடச் சொன்னாள். மூச்சு அதன் பாட்டுக்கு இருக்கட்டும், இனிமேல் பாதத்தை மட்டும் கவனியுங்கள். நடக்கும்போது உள்ளங்கால் தரையில் படுவதை, எடுப்பதை, வைப்பதை. எண்ண வேண்டாம். அவன் ஞாபகம் வந்தால் நின்று, துக்கம் வந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, நடக்க முடியும்போது நடங்கள். "புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க" என்றாள். "புரியலங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த அறைக்குள்ளேயே என்னோடு சேர்ந்து இரண்டு தடவை நடந்து காட்டினாள்.

எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை. தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் வரப்புக்குப் போனேன். மோட்டார் தண்ணீர் இருக்கிறவர்கள் முன்கூட்டியே குறுவை நட ஆரம்பித்திருந்தார்கள், எங்கள் வயலிலும் நடவு நடந்தது. புதிதாக ஓரம் செதுக்கி அண்டை வெட்டி மண் பூசிய வரப்பு ஒரு சாண் அகலம்தான் இருக்கும். காலைப் பார்க்காமல் அதில் நடக்கவே முடியாது. குதிகால் வழுக்கும், விரல்கள் தானாக மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தேன்.

நடவு நட்ட பெண்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, மோதிரம் கீதிரம் தொலைச்சுட்டியா?"

"இல்லக்கா, சும்மாதான்."

"சும்மா நடக்கறதுக்கா இந்த வெயில்ல வந்த? அப்ப அந்த நாத்து முடியத் தூக்கியாந்து இங்க போடு, புண்ணியமாப் போவும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் உண்மையிலேயே தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு கையிலும் இரண்டு நாற்றுக் கட்டு, சேற்றுத் தண்ணீர் முழங்கையில் வழிந்தது. ஒரு முறை போய்த் திரும்பும் வரை நான் அவனை நினைக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உடனே குற்றமாக இருந்தது. அதைக் கவுன்சிலரிடம் சொன்னபோது, "அதுவும் வந்துட்டுப் போவும்க்கா" என்றாள்.

வைகாசிப் பௌர்ணமி புத்தர் பிறந்த நாள், கவுன்சிலர் வீட்டாருக்கு முக்கியமானது. அவள் ஊரில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கூடத்தில் காலையில் எல்லோரும் கூடுவார்கள், இறந்தவர்களை நினைத்துத் தண்ணீர் வார்ப்பார்கள், விருப்பம் இருந்தால் வாருங்கள் என்று கூப்பிட்டாள். "பச்சைப் பிள்ளைக்கும் செய்வாங்களா?" என்று கேட்டேன். "வயசு கேக்க மாட்டாங்கக்கா."

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கணவர் விடுப்பு எடுத்து வண்டியில் கூட்டிப் போனார். உள்ளே வரவில்லை, வேப்ப மரத்தடியில் வண்டியோடு நின்றுகொண்டார். உள்ளே இருபது பேர் இருக்கலாம். ஒவ்வொருவராகத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கூஜாவிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் வார்த்தார்கள். கிண்ணம் நிறைந்து, வழிந்து, தட்டில் விழும் வரை வார்க்க வேண்டும். நாம் செய்த நல்லதெல்லாம் அவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். என் முறை வந்தது. அவன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஐந்து மாதமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கிண்ணம் வழிந்தது, தட்டும் நிறைந்தது, என் கை நிற்கவில்லை. கூஜா காலியாகும் வரை ஊற்றினேன். தண்ணீர் பாய்க்கு அடியில் ஓடியது. யாரும் தடுக்கவில்லை. ஒரு அம்மா துணியைக் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் கணவர் என் புடவை ஈரத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்குப் பொதைச்ச எடத்துல நாங்க ஒரு சொம்புப் பால் ஊத்தினோம். நான்தான் ஊத்தினேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே."

திருவாரூர் தாண்டி வரும்போது, அவர் முதுகைப் பார்த்து, காற்றோடு சேர்த்து, ஐம்பத்து நான்கைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். வண்டி மெதுவாகி, ஒரு வாய்க்கால் மதகின் ஓரத்தில் நின்றது. அவர் இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

"அப்பவே சொல்லியிருந்தா..." என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எடுத்தார். சொன்னது சரியா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. என் மேல் இருந்த பாரத்தைப் பாதி எடுத்து அவர் தோளில் வைத்ததுதான் நான் செய்ததோ என்று தோன்றுகிறது.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லிடறேன். பாப்பா இங்கயே இருக்கட்டும்."

மாசியிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான். இப்போது எனக்குத் தூக்கமும் ஓரளவு வந்தது, மகளை எழுப்புவது குறைந்திருந்தது. ஆனால் குறைந்ததுதான், நிற்கவில்லை. முந்தின நாள் மத்தியானம் கூட அவள் சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம், அம்மா எழுப்ப மாட்டேன் என்று பலமுறை சொல்லியிருந்தேன். "சரிம்மா" என்பாள். செய்வாள். அவளும் என்னைப் போலத்தான், சொன்ன பேச்சுக்கு மேலேயே செய்கிறவள்.

"இல்லங்க. அண்ணிகூடப் போகட்டும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்ற?"

"காலாண்டுப் பரீட்சை வரைக்குமாவது இருக்கட்டும். என்னைப் பாக்காத எடத்துல அவ கொஞ்ச நாள் தூங்கட்டும்."

"வெளையாடறியா? இதுக்குத்தான் இத்தன நாள் தஞ்சாவூருக்கு அலைஞ்சியா?"

கவுன்சிலரும் அந்த வாரம் அதையேதான் வேறு மாதிரி கேட்டாள். "அவளுக்காக அனுப்பறீங்களா, இல்ல உங்களத் தண்டிச்சுக்கறதுக்கா?" தெரியலங்க என்றேன். "தெரியாமயே இருங்க, பரவாயில்ல. ஆனா அவகிட்ட தம்பி எப்படிப் போனான்னு சொல்லிட்டு அனுப்புங்க. இல்லன்னா அவளத்தான் தப்பு பண்ணதுக்காக அனுப்பறீங்கன்னு நெனச்சுக்குவா."

சொன்னேன். பட்டுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், ஒரத்தநாடு தாண்டித் தென்னந்தோப்புகள் தொடங்கிய பிறகு, அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது, அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டோம், அதனால் அம்மாவுக்கு ரொம்பப் பயம் வந்துவிட்டது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவள் யோசித்துவிட்டு, "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். பிறகு, "நான் போயிட்டா நீ யார எழுப்புவ?" என்று கேட்டாள்.

"யாரையும் எழுப்ப மாட்டேன்."

"அப்பாவ எழுப்பிடாத. திட்டுவாரு."

அண்ணி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என் கையில் ஒரு முழம் பூவைத் திணித்துவிட்டு, கனகாம்பரம்தான், தலையில் வைத்துக்கொள் என்றார். மல்லிகையை நான் இன்னும் வைப்பதில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கவுன்சிலர் கற்றுக்கொடுத்த வாழ்த்தைச் சொல்லிப் பார்த்தேன். யாரை நினைக்கிறோமோ அவர்கள் நலமாக இருக்க வேண்டும், பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். மகளுக்குச் சொன்னேன். கணவருக்குச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, அவசரமாகச் சொல்லி முடித்தேன். மகனிடம் வந்ததும் நின்றுவிட்டேன். செத்துப்போன பிள்ளைக்கு நலமாக இரு என்று எப்படிச் சொல்வது? அதையும் அவளிடம் பிறகு கேட்டேன். "தெரியலக்கா, நான் சும்மா சொல்லிடுவேன்" என்றாள்.

பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க அண்ணிதான் போனில் பேசினார். பிள்ளை சாப்பிடுகிறாள், புது டீச்சரைப் பிடித்திருக்கிறது, படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் மகளிடமே கொடுக்கச் சொன்னேன். போனில் முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. ஓடி வந்திருக்கிறாள்.

"அம்மா, நான் தோப்புல வெளையாடிட்டு இருக்கேன். எல்லாரும் நிக்கறாங்க."

"சரி கண்ணு. நல்லா இருக்கியா?"

"நீ அப்பறமா பேசும்மா" என்றாள். அண்ணியிடம் கூடக் கொடுக்காமல் போனை வைத்துவிட்டாள்.

கணவர் கூடத்திலிருந்து கேட்டார். "என்ன சொன்னா?"

"வெளையாடறாளாம்."

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மதகின் ஓரத்தில் பாதியில் நின்ற பேச்சை அவர் இன்னும் முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போன் என் கையில் இருந்தது. திரும்பக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, பத்து நிமிடமாவது அப்படி இருந்தது. கூப்பிடவில்லை.